கம்பிரியாவைச் சுற்றிப் பார்க்க: பஸ், படகு, ரயில், கார் – முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கம்பிரியாவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் லேக் டிஸ்ட்ரிக்டை, அதாவது ஏரிகளும் மலைகளும் நிறைந்த 'ஏரி மாவட்டம்' என்ற தேசியப் பூங்காவைப் பார்க்கத்தான் வருகிறார்கள். லண்டனிலோ மான்செஸ்டரிலோ பழகிவிட்டு, "நின்றால் அடுத்த பஸ் வந்துவிடும்" என்ற நம்பிக்கையோடு வருவார்கள். இங்கே அது பலிக்காது. சில தடங்களில் ஒரு நாளைக்கு நாலைந்து பஸ்தான். மாலையோடு அவையும் நின்றுவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வரிசையில் போகிறது: முதலில் தங்கும் ஊர், அப்புறம் கடைசி பஸ், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அன்றைய இடம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பார்க்கும் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, பின்னால் வழி தேடுகிறார்கள்.

1. தங்கும் ஊரை முதலில் முடிவு செய்யுங்கள்

மலிவாகக் கிடைத்தது என்று ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் அறை எடுப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். கார் இல்லையென்றால் இரண்டே தேர்வுதான்: தெற்கே ஆம்பிள்சைட் அல்லது வின்டர்மியர், வடக்கே கெஸ்விக்.

ஆம்பிள்சைட் நல்ல நடுப்புள்ளி. வடக்கே கிராஸ்மியர், கெஸ்விக், மேற்கே ஹாக்ஸ்ஹெட், கோனிஸ்டன், தெற்கே வின்டர்மியர் என்று எல்லாப் பக்கமும் பஸ் உண்டு. பெட்டியோடு ரயிலில் வந்து இறங்குபவர்களுக்கு வின்டர்மியர் வசதி. மலையேறும் எண்ணம் இருந்தால் கெஸ்விக். அங்கே ஊரிலிருந்து நடந்தே ஏரிக்கரைக்குப் போய்விடலாம். பாரோடேல், பட்டர்மியர் பக்கம் போகும் பஸ்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நான்கு நாளுக்கு மேல் இருந்தால் பாதி நாள் தெற்கில், பாதி நாள் வடக்கில் தங்குங்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பாதிப் பொழுது சாலையிலேயே போய்விடும்.

வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாரோடேலில் இருக்கும் சீத்வெயிட்டிலிருந்து வாஸ்டேல் ஹெட் நேர்கோட்டில் சில கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் இங்கிலாந்தின் மிக உயரமான மலைக்கூட்டம் நிற்கிறது. 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக் அதில்தான் இருக்கிறது. காரில் சுற்றிப் போனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். தூரத்தை விடுங்கள், நேரத்தைக் கேளுங்கள்.

2. எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

லண்டன் யூஸ்டனிலிருந்து ஸ்காட்லாந்து நோக்கிப் போகும் முக்கியப் பாதை லேக் டிஸ்ட்ரிக்டுக்குக் கிழக்கே செல்கிறது. அதில் மூன்று நிறுத்தங்களை நினைவில் வைத்தால் போதும்: ஆக்ஸன்ஹோம், பென்ரித், கார்லைல்.

ஆம்பிள்சைட், வின்டர்மியர் பக்கம் தங்கினால் ஆக்ஸன்ஹோமில் மாறி, கென்டல் வழியாக வின்டர்மியர் போகும் கிளைப் பாதை ரயிலில் ஏறுங்கள். அது இருபது நிமிடப் பயணம். கெஸ்விக்கில் தங்கினால் ஆக்ஸன்ஹோமை விட்டுவிட்டு நேராகப் பென்ரித் போங்கள். கெஸ்விக்குக்கு ரயில் கிடையாது. அந்தப் பாதையை 1972-இலேயே மூடிவிட்டார்கள். பென்ரித் ஸ்டேஷன் வாசலிலேயே எக்ஸ்4, எக்ஸ்5 பஸ்கள் வரும். முக்கால் மணி நேரத்துக்குள் கெஸ்விக்.

இதைத் தெரியாமல் கெஸ்விக் போகிறவர்கள் வின்டர்மியரில் இறங்கி, பெட்டிகளோடு 555 பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போவதைப் பார்த்திருக்கிறேன். காட்சி அழகுதான். இரண்டு பெரிய பெட்டியும் தூங்கும் குழந்தையும் கையில் இருந்தால் யாருக்கு அழகு வேண்டும்?

மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து வருபவர்களுக்குச் சில ரயில்கள் மாறாமலே வின்டர்மியர் வரை போகும். அப்படி ஒன்று உங்கள் நேரத்துக்குப் பொருந்தினால் அதையே எடுங்கள்.

3. ரயில் டிக்கெட் எடுக்கும் விதம்

டிக்கெட்டை ஆக்ஸன்ஹோம் வரை மட்டும் எடுக்காமல் வின்டர்மியர் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் ரயில் தாமதமாகி இணைப்பு ரயில் போய்விட்டால், அடுத்ததில் ஏற அதே டிக்கெட் செல்லும். தனித்தனியாக எடுத்தால் அந்தத் தாமதம் உங்கள் தலையில் விடியலாம். கிளைப் பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒன்றை விட்டால் பெரும்பாலும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

முன்பதிவு மலிவு டிக்கெட்டுகள் பொதுவாகப் பன்னிரண்டு வாரம் முன்பிருந்து வரும். அவை அந்தக் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே. விமானம் தரையிறங்கி ஒரு மணி நேரத்தில் கிளம்பும் ரயிலுக்கு அப்படி ஒரு டிக்கெட் எடுப்பது சூதாட்டம். குடியேற்ற வரிசையில் நிற்கும்போதே ரயில் போய்விடும். விமானத்தில் வரும் நாளுக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கொடுத்து, எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

ரயில்கார்டு என்ற கட்டணச் சலுகை அட்டையைச் சுற்றுலாப் பயணிகளும் வாங்கலாம். ஓராண்டுக்கு 35 பவுண்டு. இருவர் சேர்ந்து போனால் 'டூ டுகெதர்' கார்டு மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். ஆனால் வார நாட்களில் காலை 9.30-க்கு முன் செல்லாது. 5 முதல் 15 வயதுக்குள் குழந்தை கூட வந்தால் 'ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' கார்டு: பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, குழந்தைகளுக்கு 60 சதவீதம் குறையும். லண்டனிலிருந்து ஒரு குடும்பம் போய் வந்தால் பெரும்பாலும் அந்த ஒரே பயணத்தில் கார்டுக் காசு திரும்பிவிடும்.

4. வின்டர்மியர் ஸ்டேஷனில் இறங்கியதும் என்ன செய்வது?

இங்கேதான் புதியவர்கள் முதல் தடவை தடுமாறுகிறார்கள். ஸ்டேஷன் பெயர் வின்டர்மியர், ஏரியின் பெயரும் வின்டர்மியர். வெளியே வந்தால் ஏரியே இல்லை, ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கும்.

ஏரிக்கரையும் படகுத்துறையும் இருப்பது போனெஸில். ஒன்றரை மைல் இறக்கம். நடந்து இறங்கலாம். திரும்பி ஏறுவதுதான் மூச்சு வாங்கும், பெரியவர்களோடு வந்தால் வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் 599 பஸ் கிடைக்கும். ஒரு பக்கம் போனெஸுக்கும், மறு பக்கம் ஆம்பிள்சைட், கிராஸ்மியருக்கும் போகும். ஏறும்முன் எந்தப் பக்கம் போகிறது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். எண் ஒன்றுதான், திசை இரண்டு.

சூப்பர் மார்க்கெட்டை அலட்சியம் செய்ய வேண்டாம். கிராமத்துக் கடைகளில் விலையும் கூட, சாமான்களும் குறைவு. இரண்டு நாளுக்குத் தேவையான ரொட்டி, பழம், தயிர் எல்லாம் இங்கேயே வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

5. பஸ் கால அட்டவணையைப் படிப்பது

கம்பிரியா பயணத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. செயலி காட்டுவதை மட்டும் நம்பாமல், பஸ் நிறுவனம் வெளியிடும் கால அட்டவணையைக் கைபேசியில் இறக்கி வையுங்கள். காரணம் எளிது: பாரோடேல், லாங்டேல், வாஸ்டேல் போன்ற பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னலே வராது. திரும்பும் பஸ் எப்போது என்று பார்க்க வேண்டிய இடத்தில்தான் செயலி சுற்றிக்கொண்டே நிற்கும்.

அட்டவணையில் நான்கு விஷயங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பருவம். ஏறத்தாழ ஈஸ்டர் முதல் அக்டோபர் கடைசி வரை ஒரு அட்டவணை, குளிர்காலத்துக்கு வேறு. சில தடங்கள் குளிர்காலத்தில் ஓடவே ஓடாது. தேடுபொறியில் முதலில் வருவது போன வருட அட்டவணையாகக்கூட இருக்கும். மேலே இருக்கும் தேதியைப் பாருங்கள்.

அடுத்து கிழமை. ஞாயிறும் பொது விடுமுறையும் தனி. சனிக்கிழமை ஓடுகிறது என்பதால் ஞாயிறும் ஓடும் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, நேரத்தின் மேலோ பக்கத்திலோ இருக்கும் சின்ன எழுத்துகள். பள்ளி நாட்களில் மட்டும், பள்ளி விடுமுறையில் மட்டும், வெள்ளி சனி மட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி இருக்கும். விளக்கம் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பள்ளி பஸ்ஸுக்காக ஆகஸ்ட் மாதத்தில் நின்றால் யாரும் வரமாட்டார்கள்.

நான்காவது, திரும்பும் பக்கத்தின் கடைசி வரி. இதைப் பார்த்த பிறகுதான் போகும் பக்கத்தையே பார்க்க வேண்டும்.

ஏறும்போது போகும் இடத்தைச் சொன்னால் ஓட்டுநரே டிக்கெட் தருவார். வங்கிக் கார்டைத் தட்டினால் போதும். இங்கிலாந்தில் ஒரு வழிப் பஸ் கட்டணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2027 மார்ச் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். அதாவது கென்டலிலிருந்து கெஸ்விக் வரை போனாலும் 3 பவுண்டுதான். ஒரே நாளில் மூன்று நான்கு முறை ஏறி இறங்குவதாக இருந்தால் டே டிக்கெட் விலையைக் கேட்டு ஒப்பிடுங்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு "அறுபது தாண்டிவிட்டது, இலவசம்" என்று எண்ண வேண்டாம். அந்தச் சலுகை அட்டை அங்கேயே வசிப்பவர்களுக்கு.

நிறுத்தத்தில் பஸ் வருவதைப் பார்த்ததும் கையை நீட்டுங்கள். சும்மா நின்றால் வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்து ஓட்டுநர் போய்விடக்கூடும்.

6. தெரிந்திருக்க வேண்டிய பஸ் தடங்கள்

555: கென்டல், வின்டர்மியர், ஆம்பிள்சைட், கிராஸ்மியர், கெஸ்விக் என்று ஏரி மாவட்டத்தின் முதுகெலும்பில் போகும் தடம். ஒரே ஒரு பஸ்ஸில்தான் ஏற முடியும் என்றால் இதில் ஏறுங்கள். வடக்கே போகும்போது மேல்தளத்தில் இடது பக்கம் உட்காருங்கள். வின்டர்மியர், ரைடல் வாட்டர், கிராஸ்மியர், தேர்ல்மியர் நான்கு ஏரிகளும் அந்தப் பக்கம்தான் வரும். திரும்பும்போது வலது பக்கம். முன் இருக்கை கிடைத்தால் மரக்கிளைகள் கண்ணாடியில் சடசடவென்று அடிக்கும்; முதல் தடவை எல்லோரும் தலையைக் குனிவார்கள். ஓட்டுநருக்கு அது அன்றாட விஷயம்.

505: ஆம்பிள்சைட்டிலிருந்து ஹாக்ஸ்ஹெட், கோனிஸ்டன்.

508: பென்ரித்திலிருந்து அல்ஸ்வாட்டர் ஏரியோரம் பூலி பிரிட்ஜ், கிளென்ரிடிங்.

78: கெஸ்விக்கிலிருந்து பாரோடேல் வழியாக சீட்டோலர்.

77, 77ஏ: கெஸ்விக்கிலிருந்து பட்டர்மியர், ஹானிஸ்டர் கணவாய், பாரோடேல் என்று ஒரு பெரிய வட்டம். ஒன்று ஒரு திசையில், மற்றது எதிர்த் திசையில் சுற்றும். பருவகாலத் தடம். சாலை குறுகல், சரிவு செங்குத்து. இந்தச் சாலையில் நீங்களே கார் ஓட்டினால் எதிரே வரும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கலாம். கார் வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: அந்த ஒரு நாள் காரை நிறுத்திவிட்டு இதில் ஏறுங்கள்.

வாஸ்டேல் ஹெட்டுக்குப் பஸ்ஸை நம்பித் திட்டம் போடாதீர்கள். கார் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

7. படகை முதலில் பிடியுங்கள், நடையைப் பின்னால் வையுங்கள்

படகு இங்கே சவாரி மட்டும் அல்ல, போக்குவரத்தும்கூட. படகும் நடையும் சேர்ந்த நாளில் ஒரு விதி: முடிந்தவரை படகை முதலில் எடுங்கள்.

அல்ஸ்வாட்டரில் இது நன்றாகப் புரியும். கிளென்ரிடிங்கில் படகு ஏறி ஹவ்டவுனில் இறங்கி, ஏரிக்கரையோரமாக ஆறேழு மைல் நடந்து கிளென்ரிடிங் திரும்புவது பலரும் செய்யும் நடை. சிலர் முதலில் நடந்துவிட்டு ஹவ்டவுனில் படகு பிடிக்கலாம் என்று கிளம்புவார்கள். பாதையில் கல், வேர், மேடு பள்ளம். நினைத்ததைவிட நேரம் இழுக்கும். கடைசிப் படகுக்கு ஓட வேண்டியதாகிவிடும். படகை முதலில் எடுத்தால் எந்த நேரத்தில் நடந்து முடித்தாலும் நீங்கள் கிளம்பிய இடத்திலேயே இருப்பீர்கள். பஸ்ஸில் வந்தவர்கள் 508-இன் கடைசி நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.

கெஸ்விக்கை ஒட்டிய டெர்வென்ட்வாட்டரில் சின்னப் படகுகள் ஏரியைச் சுற்றி ஓடும். ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 50 நிமிடம். இங்கே பிழை திசையில்தான். கடிகார முள் திசையில் போகும் படகும் உண்டு, எதிர்த்திசைப் படகும் உண்டு. கேட்பெல்ஸ் மலைக்கு ஹாஸ் எண்ட் துறையில் இறங்க வேண்டும். எதிர்த்திசைப் படகில் அது இரண்டாவது நிறுத்தம். மற்றதில் ஏறினால் ஏரி முழுவதையும் சுற்றிவிட்டுத்தான் அங்கே போகும். திரும்பும்போது ஹாஸ் எண்டிலிருந்து கடிகாரத் திசைப் படகு. சீக்கிரம் கெஸ்விக் வந்துவிடும்.

கேட்பெல்ஸ் 451 மீட்டர்தான். குழந்தைகளும் ஏறுகிறார்கள். ஆனாலும் உச்சிக்குக் கீழே கையை ஊன்றி ஏற வேண்டிய பாறைகள் உண்டு, மழையில் வழுக்கும். மூட்டு வலி உள்ளவர்களைப் படகிலேயே ஒரு சுற்று சுற்றிவரச் சொல்லிவிட்டு மற்றவர்கள் ஏறலாம்.

வின்டர்மியர் ஏரியில் லேக்சைட், போனெஸ், ஆம்பிள்சைட் என்று படகுகள் போகும். ஆம்பிள்சைட் படகுத்துறை ஊருக்குள் இல்லை; வாட்டர்ஹெட் என்ற இடத்தில், ஊரிலிருந்து ஒரு மைல். படகு இறங்கி ஐந்து நிமிடத்தில் பஸ் பிடிக்கலாம் என்று கணக்குப் போடும்போது எந்த நிறுத்தத்தில் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

காரில் வருபவர்களுக்குப் போனெஸுக்குத் தெற்கே கம்பியில் இழுபட்டு ஏரியைக் கடக்கும் ஃபெர்ரி உண்டு. ஒரு தடவைக்கு 18 கார்தான் கொள்ளும். கடப்பதற்குப் பத்து நிமிடம். வரிசையில் நிற்பது ஆகஸ்ட் மதியத்தில் எவ்வளவோ. காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். ஹாக்ஸ்ஹெட் பக்கம் போவதானால் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

8. ஒரு நாளைப் பின்னோக்கிப் போடுவது: ஓர் உதாரணம்

ஆம்பிள்சைட்டில் தங்கியிருக்கிறீர்கள், கேட்பெல்ஸ் ஏற வேண்டும். கெஸ்விக்கிலிருந்து திரும்பும் 555-இல் உங்களுக்கு வசதியான கடைசி பஸ் மாலை 6 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். நேரம் உதாரணத்துக்குத்தான்.

கடைசி பஸ்ஸைக் குறி வைக்காதீர்கள். அதற்கு முந்தைய பஸ்ஸைக் குறி வையுங்கள். கடைசி பஸ் காப்பீடு மாதிரி இருக்கட்டும். முந்தையது 5 மணி என்றால் படகுத்துறையிலிருந்து பஸ் நிலையத்துக்கு நடக்கக் கால் மணி, டீக்கும் கழிப்பறைக்கும் அரை மணி. ஆக 4.15-க்குப் படகிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். 3.45 வாக்கில் ஹாஸ் எண்டில் நிற்க வேண்டும். மலைக்கு மூன்றரை மணி நேரம் என்றால் மதியம் 12.15-க்கு ஏற ஆரம்பிக்க வேண்டும். அதற்கான படகு, அந்தப் படகுக்கான பஸ் என்று போனால் ஆம்பிள்சைட்டில் காலை பத்து மணியளவில் பஸ் ஏறினால் போதும். ஒன்பதுக்கே ஏறினால் இன்னும் நல்லது.

இப்படிக் கணக்குப் போடும்போதுதான் தெரியும், "அப்படியே பட்டர்மியரையும் பார்த்துவிடலாம்" என்பது நடக்காத காரியம் என்று. அதை முதல் நாள் இரவு அறையில் உட்கார்ந்து தெரிந்துகொள்வது நல்லது, மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அல்ல.

குளிர்காலத்தில் பஸ்ஸுக்கு முன்பே வெளிச்சம் முடிந்துவிடும். டிசம்பரில் நாலு மணிக்கே சூரியன் மறைந்திருக்கும். அப்போது கணக்கை இருட்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும்; பஸ்தான் இருக்காது.

9. கார் எடுப்பவர்களுக்கு

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தோடு பயணியாக வருபவர்கள் 12 மாதம் வரை ஓட்டலாம். சாலையின் இடது பக்கம்தான் இங்கேயும். சட்டம் சரி, வாடகை நிறுவனத்துக்குத் தனி நிபந்தனைகள் இருக்கும். ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பது வழக்கம். உரிமம் ஆங்கில எழுத்தில் இல்லையென்றால் சர்வதேச அனுமதியும் கேட்பார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள், இல்லையேல் கியர் வண்டிதான் கைக்கு வரும்.

எம்6 நெடுஞ்சாலையில் 36-ஆவது சந்திப்பில் திரும்பினால் கென்டல், வின்டர்மியர். 40-ஆவது சந்திப்பில் பென்ரித், கெஸ்விக். அதன் பிறகு சாலை சுருங்கும்.

வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை, நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்கிறது. அது உச்சவரம்பு. கற்சுவர் இரு பக்கமும் இடிக்கும் ஒரு வண்டி மட்டும் போகும் சாலையிலும் அதே பலகை நிற்கும். அங்கே 20-க்கு மேல் போக மனம் வராது, வரவும் கூடாது. எதிரே வண்டி வந்தால் அருகிலிருக்கும் ஒதுங்குமிடத்துக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் பின்னோக்கி ஓட்ட வேண்டும். சரிவில் மேலே ஏறி வருபவருக்கு வழி விடுவது வழக்கம். பின்னோக்கி ஓட்டப் பயம் இருப்பவர்கள் பெரிய கார் எடுக்காதீர்கள்.

வழிகாட்டிச் செயலியை நம்பி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆம்பிள்சைட்டிலிருந்து எஸ்க்டேல் போகும் வழி கேட்டால் ரைனோஸ், ஹார்ட்நாட் கணவாய்கள் வழியாக அனுப்பிவிடும். தூரம் குறைவுதான். ஹார்ட்நாட்டில் சில இடங்களில் மூன்றடிக்கு ஓரடி ஏற்றம், அதிலேயே கொண்டை ஊசி வளைவு, ஒரு வண்டி போகும் அகலம். பனிக்காலத்தில் இன்னும் ஆபத்து. மலைச் சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் தெற்கே சுற்றி பிராட்டன் வழியாகப் போங்கள். நேரம் கூடினாலும் கிளட்ச் மிஞ்சும்.

பார்க்கிங்: கோடை நாளில் காலை பத்து மணிக்கெல்லாம் பட்டர்மியர் போன்ற இடங்கள் நிரம்பிவிடும். கார் நிறுத்துமிடங்கள் கவுன்சில், நேஷனல் டிரஸ்ட், தேசியப் பூங்கா, தனியார் என்று பலர் கையில் இருப்பதால் பணம் கட்டும் செயலியும் இடத்துக்கு இடம் மாறும். சிக்னல் இல்லாத இடத்தில் செயலி இறக்க முடியாது. கார்டும் சில்லறையும் வைத்திருங்கள்.

ஊருக்குள் சில தெருக்களில் பணம் கட்ட வேண்டாம், ஆனால் கடிகாரம் போட்ட அட்டையை வண்டி முகப்பில் வைத்து, நிறுத்திய நேரத்தைக் காட்ட வேண்டும். வாடகைக் காரில் அது இருக்காது. பக்கத்துக் கடைகளில் இலவசமாகத் தருவார்கள். "இலவசம்" என்ற பலகையை மட்டும் படித்துவிட்டுப் போனால் அபராதச் சீட்டு காத்திருக்கும்.

அப்புறம், பெட்ரோல். கென்டல், கெஸ்விக், பென்ரித் போன்ற ஊர்களிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சாலையில் ஆடு படுத்திருந்தால் நின்று விடுங்கள். ஹாரன் அடித்தால் அது எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது.

10. மேற்குக் கடற்கரைக்கு ஒரு நாள்

ஏரிகளில் கூட்டம் தாங்காத நாளுக்கு இது. கார்லைலிலிருந்து ஒயிட்ஹேவன், ரேவன்கிளாஸ், பாரோ வரை கடலை ஒட்டி ஒரு ரயில் பாதை உண்டு. ரேவன்கிளாஸில் இறங்கினால் பக்கத்திலேயே சின்ன ரயிலின் ஸ்டேஷன். 15 அங்குலமே அகலமுள்ள தண்டவாளத்தில் ஏழு மைல், எஸ்க்டேல் பள்ளத்தாக்குக்குள் டால்கார்த் வரை, 40 நிமிடம். திறந்த பெட்டியும் உண்டு, மூடிய பெட்டியும் உண்டு. வானத்தைப் பார்த்து ஏறுங்கள்.

கடற்கரைப் பாதையின் சில சிறு நிறுத்தங்களில் கேட்டால்தான் ரயில் நிற்கும். ஏறுபவர் கையை நீட்ட வேண்டும். இறங்குபவர் முன்கூட்டியே ரயில் நடத்துநரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் கதவருகே நின்றால் ஊர் கடந்து போய்விடும்.

தெற்கே ஆர்ன்சைட், கிரேன்ஜ் ஓவர் சாண்ட்ஸ் பக்கம் போனால் மோர்கம் விரிகுடாவின் மணல் பரப்பு கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும். இறங்கி நடக்கத் தோன்றும். வேண்டாம். புதைமணலும் உண்டு, அலை ஏறும் வேகமும் அதிகம். ஆர்ன்சைட்டில் அலை வருவதற்கு முன் சைரன் ஒலிப்பது சும்மா இல்லை. அதிகாரப்பூர்வ வழிகாட்டியோடு போகும் நடைகளில் மட்டும் சேருங்கள்.

11. பையில் இருக்க வேண்டியவை

குடையை அறையிலேயே வைத்துவிடுங்கள், காற்றில் திருப்பிப் போட்டுவிடும். தொப்பியோடு கூடிய மழைக்கோட்டுதான் பயன்படும். சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களில் அதிகம் நனைவது அதுதான். ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது.

தாள் வரைபடம் ஒன்று. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களில் ஓஎல்4 முதல் ஓஎல்7 வரை ஏரி மாவட்டத்தை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். கெஸ்விக் பக்கம் ஓஎல்4, வின்டர்மியர் பக்கம் ஓஎல்7. மலைக்குக் கிளம்பும்முன் வெதர்லைன் என்ற முன்னறிவிப்பைப் பாருங்கள். ஊரில் வெயில் அடிக்கும்போது உச்சியில் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்வார்கள்.

சாப்பாடு. பப் சமையலறைகள் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக்கு மூடி மாலையில்தான் திறக்கும். மூன்று மணிக்கு மலையிறங்கினால் சிப்ஸ் பாக்கெட்தான். கையில் கட்டிக்கொண்டு போங்கள். எலுமிச்சை சாதமோ புளியோதரையோ மலை உச்சியில் நன்றாகவே இறங்கும்.

முதியவர்கள், சக்கர நாற்காலி, தள்ளுவண்டியோடு வருபவர்கள் தேசியப் பூங்காவின் 'மைல்ஸ் வித்தவுட் ஸ்டைல்ஸ்' பட்டியலைப் பாருங்கள். வேலிப்படி ஏற வேண்டாத பாதைகளை மட்டும் தொகுத்திருக்கிறார்கள். கெஸ்விக் படகுத்துறையிலிருந்து ஃபிரையர்ஸ் கிராக் வரையிலான சின்ன நடை யாருக்கும் முடியும்.

12. கடைசி பஸ்ஸும் போய்விட்டால்

தெருவில் கை நீட்டி டாக்ஸி பிடிக்கும் ஊர் இது இல்லை. செயலியில் கூப்பிடும் வண்டிகளையும் நம்ப முடியாது. தங்கும் இடத்துக்கு வந்த முதல் நாளே அந்த ஊர் டாக்ஸி எண்கள் இரண்டைக் கேட்டு வாங்கிக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு அவர்களே முன்பதிவில் நிரம்பியிருப்பார்கள், அதனால்தான் இரண்டு.

சிக்னல் இல்லாத இடமென்றால் அருகிலிருக்கும் பப் அல்லது விடுதிக்குள் போய்க் கேளுங்கள், கூப்பிட்டுத் தருவார்கள். மலையில் வழி தவறினாலோ அடிபட்டாலோ 999-ஐ அழைத்து முதலில் போலீஸ் என்று சொல்லி, அப்புறம் மவுன்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் என்று மட்டும் சொன்னால் சாலை வரை வரும் வண்டிக்குத்தான் முதலில் ஏற்பாடு ஆகும்.

டிசம்பர் 25 அன்று ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. 26 அன்றும் ஏறத்தாழ அதே கதைதான். அந்த இரண்டு நாளுக்கும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதை மட்டும் திட்டத்தில் வையுங்கள். சாப்பாட்டுச் சாமான்களை 24-ஆம் தேதி மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள்.